யாருக்கு முதலில் பத்திரிகை வைத்தாய்?

மலேசியாவில் நான் இருந்த ஆறு நாட்களில், எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேர்ந்திருக்கிறது என்பதைக் குறைந்தது எட்டுப் பேர் எனக்கு விளக்கியிருப்பார்கள். எட்டுப் பேரும் பொறுமையாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் நான் முசிறியில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்தவள். தேர்தலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரோடுதான் விமானம் ஏறினேன்.

நான் போனது அரசியல் பார்க்க அல்ல, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. என் பெரியப்பா வாலிபத்தில் மலாயாவுக்குக் கப்பலேறிப் போனவர். அவருடைய மகன்கள் இருவர்தான் எனக்கு அண்ணனும் தம்பியும். மூத்தவர் மாணிக்கம் அண்ணன், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். இளையவன் சேகர், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் மகளை மணையில் உட்கார வைத்து மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் என்று உரிமையோடு நிற்க வேண்டியவர்கள் இந்த இருவர்தான். இந்த இருவரும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

இருவரையும் ஒன்றாக மணவறைக்குக் கொண்டுவர வேண்டும். போனில் சொன்னால் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள், நேரில் போய்த் தாம்பூலத் தட்டில் வைத்துக் கூப்பிட்டால் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். நான் நினைத்ததில் முதல் பாதி சரி.

திங்கட்கிழமை காலையில் சேகர் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். "பசியாறிட்டியா அக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். கேட்கவே வயிறு குளிர்ந்தது. ரவாங்கில் ஒரு முஸ்லிம் கடையில் நிறுத்தினான். கடைக்காரருக்கு நாகப்பட்டினம் பக்கம் பூர்வீகம். என் பேச்சைக் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "முசிறியா? காவேரியில தண்ணி போகுதா?" என்று விசாரித்தார். ரொட்டி சானாய் வந்தது. நம்மூர்ப் பரோட்டாவின் பணக்காரத் தங்கை. பருப்புக் குழம்பை அதன் தலையிலேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டு தின்றேன்.

சேகர் வீட்டில் சோபா இல்லை. அதாவது இருந்தது, அதன் மேல் கொடிக் கட்டுகள் கிடந்தன. கூடம், மாடிப்படி, குளியலறை வாசல் எல்லாம் கொடிதான். அண்ணன் இருக்கும் பக்கத்தில் இடைத்தேர்தலாம். சாயங்காலமானால் இவன் அங்கே போய்க் கொடி கட்டுகிறானாம். தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து கேட்டேன், அண்ணனுக்கும் உனக்கும் அப்படி என்னதான் சண்டை என்று.

"போன பொதுத்தேர்தல்ல ஒரு ஆளு மேடையில பேசுனான் அக்கா. வந்தேறிங்களுக்கு இந்த நாடு பத்தலைன்னா வந்த கப்பல்லயே ஏறட்டும்னான். மறுநாளு அதே ஆளு தோட்டத்துக்கு வந்தான். அண்ணன் கோயில் தலைவரு இல்லயா, வாசல்ல நின்னு மாலை போட்டாரு. எனக்குப் பொறுக்கல. சோத்துக்காக மானத்த விக்கிறியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அதோட சரி."

எனக்கும் ரத்தம் கொதித்தது. அந்த ஆள் இப்போது என்ன ஆனான் என்று கேட்டேன். சேகர் சோபாவைத் திரும்பிப் பார்த்தான். கொடிக் கட்டுக்கு மேல் ஒரு சுவரொட்டி இருந்தது. பூப்போட்ட பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி, பல்வரிசை தெரியச் சிரிப்பு.

"இவருதான். இப்ப எங்க பக்கம் வந்துட்டாரு. எங்க வேட்பாளரே இவருதான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் கைப்பேசியைப் பார்த்தான். "அவரு மாறிட்டாரு அக்கா," என்று சொல்லிவிட்டு, அவர் முந்தின நாள் மலாயில் பேசிய பேச்சைப் போட்டுக் காட்டினான். பாத்திக் சட்டைக்காரர் ஐந்து நிமிடம் கையை ஓங்கிக் கத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "எல்லா இனமும் ஒத்துமையா இருக்கணும்ங்கறாரு," என்றான் சேகர். ஒற்றுமைக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றியது, கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. சேகரின் மனைவி, "ராகுகாலம் முடிஞ்சிருச்சு அண்ணி, பத்திரிகைய இப்பவே வெச்சிருங்களேன்," என்றாள். பயணக் களைப்பு, ரொட்டி மயக்கம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்து, புருஷனையும் பெண்டாட்டியையும் கிழக்குப் பார்க்க நிற்க வைத்துக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்குப் புறப்பட்டோம். சேகர் தோட்டத்துக்குள் வர மாட்டேன் என்று பெரிய சாலையிலேயே நிறுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் போன ஒரு லோரியைக் கைகாட்டி நிறுத்தி, ஓட்டுநரிடம் என்னை ஒப்படைத்தான். ஓட்டுநர் அறுபது வயதுச் சீனர், செகிஞ்சானிலிருந்து அரிசி ஏற்றி வருகிறவர். பெயர் ஆ செங். மலாயில் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், "ஏறு லா தங்கச்சி, கதவ நல்லா இழுத்து அடி," என்றார் சுத்தத் தமிழில். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர்.

லோரியில் முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று நிறத்தில் மூன்று தொப்பிகள் இருந்தன. மூன்றும் மூன்று கூட்டணி. எந்தக் கம்பத்தில் (கிராமத்தைக் கம்பம் என்கிறார்கள்) எந்தக் கொடி அதிகமோ அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறார். "எலெக்‌ஷன் வந்தா நமக்கு நல்லது லா. இந்த ரோட்டுக்குப் போன எலெக்‌ஷன்ல பாதி தார் போட்டான். இந்த எலெக்‌ஷன்ல மிச்சத்தப் போடுவான்."

மிச்சம் இன்னும் போடவில்லை என்பது என் முதுகுக்குத் தெரிந்தது. ஒரு வளைவில் முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள் கொடிகளோடு எதிரே வந்தன. ஆ செங் அவசரத்தில் தொப்பியை மாற்றினார், தப்பான தொப்பியை. அவர்கள் லோரியைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்தார்கள். ஒருவன் கதவைத் தட்டினான். நான் கல்யாணப் பத்திரிகைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது ஆ செங் இரண்டாவது தொப்பியை முதல் தொப்பியின் மேலேயே கவிழ்த்திருந்தார். மோட்டார்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வழிவிட்டார்கள். ஆ செங் சிரிக்கவில்லை. "முன்னெல்லாம் இப்படித் தட்ட மாட்டான்," என்று மட்டும் சொன்னார்.

மாணிக்கம் அண்ணன் லயத்து வாசலிலேயே நின்றிருந்தார். பழைய காலத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள், பலகைச் சுவர், தகரக் கூரை. முப்பது குடும்பம் இருக்கும். தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளி காலி செய்யச் சொல்கிறார், பக்கத்திலேயே வீடு கட்டித் தருவதாக அரசியல்வாதிகள் பல வருடமாகச் சொல்கிறார்கள். வீட்டைத் தவிர மற்றதெல்லாம் வந்தது என்றாள் பார்வதி அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அண்ணி நெத்திலிச் சம்பலும் மரவள்ளிக் கீரையும் வைத்துப் போட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்து வைத்தேன். அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வந்து நின்றார். கை நீட்டப் போனவர் நிறுத்தினார்.

"ரவாங்குலேருந்து தானே வர்ற? அவனுக்கு வெச்சாச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. வைத்துவிட்டேன் என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "மூத்தவன் நான் உயிரோட இருக்கேன் ஆத்தா. இளையவனுக்கு முதல்ல வெச்சிட்டு எங்கிட்ட வர்ற. அவங்க கட்சியில எல்லாமே இப்படித்தான், முறைய மாத்திடுவானுங்க. ஒன்னையும் புடிச்சிட்டானுங்களா?"

"இதில் கட்சி எங்கேண்ணே வந்தது?" என்று கிட்டத்தட்ட அழுதேன். ராகுகாலத்தைச் சொன்னேன், ரொட்டியைச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. அவர் சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தட்டில் வெற்றிலை வாடுகிற வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊரில் எத்தனை கல்யாணம் முன்னின்று நடத்தியவள் நான். மூத்தவர் வீட்டில் முதலில் வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தப்பு என் மேல்தான். ஆனால் என் தப்பை அவர் வேறு ஏதோ தப்போடு முடிச்சுப் போட்டுவிட்டாரே என்றுதான் ஆறவில்லை. அண்ணியின் கைப்பேசியில் சேகரைக் கூப்பிட்டுப் புலம்பினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

புதன்கிழமை, அண்ணன் கோபம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப் போகிறேன், ஆற்றில் படகில் போனால் மரம் முழுக்க மின்மினி என்றார். பொழுது சாயும் நேரத்துக்குப் போனோம். வழியிலேயே அவருடைய கூட்டணியின் கூட்டம். 'செராமா' என்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லோருக்கும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், காகிதக் குவளையில் தேநீர். கோயில் தலைவர் என்ற முறையில் அண்ணனை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள், கூட வந்த அண்ணியையும் என்னையும்தான். மின்மினி அவ்வளவுதான்.

ஒருவர் மலாயில் பேசினார். நல்ல குரல், ஏற்ற இறக்கம். எங்கள் ஊர் மேடைப் பேச்சாளர்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. ஓரிடத்தில் கூட்டம் உறுமியது. அண்ணன் நாற்காலியில் லேசாக நகர்ந்து உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எல்லா இனமும் ஒத்துமையா இருக்கணும்ங்கறாரு."

சேகர் சொன்ன அதே வாக்கியம், எழுத்துப் பிசகாமல். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மீயைக் கிளறிக்கொண்டே என் காதில் சொன்னாள்: "கோயில் மணி அவனுங்க தூக்கத்தக் கெடுக்குதாம். ரோட்டோரத்துல நாம கல்லு நட்டு சாமிங்கறோமாம். ஜெயிச்சா எண்ணிப் பாத்து எடுக்கப் போறானாம்."

"இதையெல்லாம் கேட்டுக்கொண்டா அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்?"

"முன்வரிசையில ஒக்காந்தாத்தான் வீட்டு விஷயம் பேசலாம்ங்கறாரு. போன தடவ அந்தாளுக்கு மாலை போட்டதும் அதுக்குத்தான். மொத நாளு ராத்திரி முழுக்கத் தூங்கல. மாலை போட்டுட்டு வந்து பின்னாடி தண்ணித் தொட்டிகிட்ட நின்னு கைய கழுவிகிட்டே இருந்தாரு. தம்பிகிட்ட சொல்லுங்கன்னேன். அவனாத் தெரிஞ்சுக்கணும்னுட்டாரு."

வியாழக்கிழமை சேகரைப் போனில் கூப்பிட்டு, நீ ஏன் அந்த ஆளுக்குக் கொடி பிடிக்கிறாய் என்று நேராகவே கேட்டேன். "லயத்து வீட்டு ஃபைல் அவரு கையிலதான் இருக்கு அக்கா. நான் ரவாங்குல வீடு வாங்கிட்டேன். அண்ணன் அந்தப் பலகையிலயே கெடக்கறாரு." இதை அண்ணனிடம் சொல்லட்டுமா என்றேன். "வேணாம். தப்பா எடுத்துக்குவாரு."

இருவருமே மானத்தைக் கழற்றி வைத்தது அதே முப்பது வீட்டுக்காக. அதைச் சொல்லிக்கொள்ளாமல் மானத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருவர் மேலும் பாசம் பொங்கியது, இருவரையும் வைத்து ஆளுக்கொரு அறை விடலாம் போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பூஜை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றிருந்தேன். தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் நாலு கார்கள் வந்து நின்றன. பாத்திக் சட்டைக்காரர் இறங்கினார். பின்னாலேயே சேகர், கையில் ரோஜா மாலை. கோயிலுக்கு வெளியே போட்டிருந்த பந்தலில் வந்து நின்றார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பூஜை நேரத்தில் வாசலுக்கு வந்த விருந்தாளி யாரானாலும், எந்த மதமானாலும், கோயில் தலைவர் மாலை போட்டுத்தான் வரவேற்க வேண்டும். வேறு யாரும் போடக் கூடாது.

அண்ணன் பிரசாதத் தட்டோடு அசையாமல் நின்றார். சேகர் கிட்டே வந்து மாலையை நீட்டினான். நாலு வருடத்துக்குப் பிறகு அவன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை என் காதில் விழுந்தது.

"போடு அண்ணே. வீட்டுக்காக."

"அன்னிக்கு என்னைய என்ன கேட்ட?" என்றார் அண்ணன். "எல்லார் முன்னாடியும் என்ன கேட்ட? இன்னிக்கு நான் ஒன்னக் கேக்கவா?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில் பாத்திக் சட்டைக்காரர், மாலை தாமதமாவதை உணர்ந்தவர் போல, முன்னால் நின்ற என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "வணக்கம் அம்மா. சாப்பாடு சுடா?" பாதி தமிழ், பாதி மலாய். சாப்பிட்டாச்சா என்கிறார் என்று புரிந்து, தலையாட்டித் தொலைத்தேன். உதவியாளர் ஒருவர் என் கையில் கனமான பை ஒன்றைத் திணித்தார். அரிசி, எண்ணெய், பிஸ்கட், வேட்பாளர் முகம் போட்ட குடை. அவர் என் பக்கம் கைகாட்டிக் கூட்டத்துக்கு மலாயில் ஏதோ உருக்கமாகப் பேச, சேகர் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை அவன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

"இந்த அம்மாவைப் பாருங்கள் என்கிறார். இந்த மண்ணுக்கு உழைத்தவர் என்கிறார். இவர்தான் உண்மையான சிலாங்கூர்ப் பிள்ளை, இவரை இங்கிருந்து ஒருவரும் அசைக்க விடமாட்டேன் என்கிறார்."

திரும்பிப் பார்த்தேன். முப்பது குடும்பமும் என்னையே பார்த்தது. அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து மலாயில் சத்தமாக ஏதோ சொன்னார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல அதையே தமிழிலும் சொன்னார்.

"இவ என் தங்கச்சி. இந்தியாக்காரி. திங்கக்கெழம வந்தா, நாளைக்குப் போறா. இவள மண்ணோட புள்ளன்னு சொல்றீங்க. இங்கயே பொறந்த எங்க ரெண்டு பேரையும்தான் கப்பலேறச் சொன்னீங்க."

ரெண்டு பேரையும் என்று சொன்னபோது அவர் கை சேகரின் தோளில் இருந்தது. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. சேகர் கவனித்தான்.

கூட்டத்தில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் பாத்திக் சட்டைக்காரர்தான். என் பக்கத்தில் வந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, காரில் ஏறிவிட்டார். மாலையை யாரும் போடவில்லை. சேகர் ஏறுவான் என்று ஒரு கார் கொஞ்ச நேரம் நின்றது. அவன் ஏறவில்லை. அதுவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தோம். சேகர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் கையில் வைத்தான். திங்கட்கிழமை நான் அவனுக்குக் கொடுத்த பத்திரிகை, மூலையில் மஞ்சள் காய்ந்திருந்தது.

"எனக்கு இன்னும் வெக்கல அக்கா," என்றான். "அண்ணனுக்கு வை. அப்புறம் எனக்கு வை."

அண்ணனுக்கு அது பொய் என்று தெரியும். நானே அவரிடம் உண்மையைச் சொன்னவள். அவர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு துணிக்கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிழக்குப் பார்த்து நின்றார். மூத்தவருக்கு வைத்தேன், பிறகு இளையவனுக்கு. இருவரும் வருகிறோம் என்றார்கள். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுமே மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒங்க ஆளு கோயில் மணியப் பத்தி என்ன பேசுனான் தெரியுமா என்று சேகர், ஒங்க ஆளு மூணாவது கட்சிக்குத் தாவுறதுக்கு எத்தன நாளாகும் என்று அண்ணன். ஆனால் ஒருவர் தட்டில் ஒருவர் சம்பலை எடுத்து வைத்துக்கொண்டுதான் கத்தினார்கள். எந்தக் கட்சி எந்தக் கூட்டணி என்று எனக்கு மறுபடியும் தலை சுற்றியது, ஆனாலும் உட்கார்ந்து ரசித்தேன்.

பார்வதி அண்ணி பாத்திக் சட்டைக்காரர் கொடுத்த பையைப் பிரித்து அரிசியைக் குத்தாக அள்ளிப் பார்த்தாள். நல்ல அரிசி என்று டப்பாவில் கொட்டினாள். பிறகு, பேச்சு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கேட்டாள்.

"மாலையும் போடல. ஃபைல் அவன் கையில. நாளைக்கு வீட்டுக்கு யார்கிட்டப் போய் நிப்பீங்க?"

அண்ணன் சேகரைப் பார்த்தார். சேகர் அண்ணனைப் பார்த்தான். இருவரும் சோற்றைப் பிசைந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த லயத்தில் வந்த காரியம் முடிந்தது எனக்கு மட்டும்தான்.